குட்டி சொன்ன பதில்

அக்டோபர் 1, புதன்

இந்த டைரி ஜனவரியிலேயே வந்தது. திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி கொடுத்தது. அட்டையில் அவர்கள் நெய்த துணியையே ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை மாதம் பீரோவில் கிடந்ததை இன்றைக்கு ஏன் எடுத்தேன் என்றால், காரணம் ஒன்றும் இல்லை. ஆபீசில் புதிதாக ஓர் ஆள் சேர்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் ஆபீஸ் கோவை ரோட்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடி. கரூரில் உள்ள ஏற்றுமதிக் கம்பெனிகள், பள்ளிக்கூடங்கள், லாரி ஆபீஸ்கள் என்று பலருடைய மின்னஞ்சலும் எங்கள் அஞ்சல் சர்வர் வழியாகத்தான் போகும், வரும். தொடங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்தி. முதலாளி செங்கோட்டுவேல் அண்ணனுக்கு வியாபாரம் தெரியும், மனிதர்களைத் தெரியும், கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தால் எனக்கும் அவருக்கும் சண்டை நிச்சயம். ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், சர்வரைக் கொஞ்ச நேரமாவது அணைத்து வை என்பார். அணைத்தால் வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டர் கடிதங்கள் திரும்பிப் போகும் என்பேன். இன்றைக்கும் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அதே சண்டையைத் தொடங்கினோம். அப்போதுதான் படியேறி வந்தாள் அந்தப் பெண். நாற்பதை நெருங்குபவள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இவங்க ஜெசிந்தா. தூத்துக்குடி. உங்களுக்கு ஒத்தாசைக்குப் போட்டிருக்கறேனுங்க அம்மிணி. ஒரு மாசம் பாக்கலாம். மாசக் கடைசில முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றார் அண்ணன்.

எனக்கு ஒத்தாசை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சண்டை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள் ஜெசிந்தா. "எதுக்கு அணைக்கணும்? வர்ற தபாலை வாங்கி வச்சுக்கிடட்டும். வெளிய கொண்டுபோறதை மட்டும் கற்பூரம் அணையிற வரைக்கும் நிப்பாட்டுங்க. கைக்கு ஓய்வு. காது தொறந்திருக்கும்லா" என்றாள்.

அண்ணனுக்கு முகமெல்லாம் பல். அப்படியே செய்தோம். சர்வருக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அது அணைந்ததும் மறுபடி ஓடவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நல்ல யோசனைதான். நல்ல யோசனையை நல்ல யோசனை என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

பொரி மீதம் நிறைய. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் ஆபீஸ் போனதும் என் முதல் வேலை, காபிக்கும் முன்னால், சர்வரை விசாரிப்பது. ஒரு கடிதம் வந்தால் அதை வாங்க ஒரு வேலையாள், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வேலையாள் என்று சர்வருக்குள் எப்போதும் பல ப்ராசஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் சர்வரின் பெயர் சுமந்த ஒவ்வொரு ப்ராசஸையும் அது தோளில் ஒரு தட்டுத் தட்டும். ஒவ்வொன்றும் நான் இப்போது இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரே வரி எழுதிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். ஒன்று ஹம்பர்க்குக்குக் கடிதம் கொண்டுபோகிறது. ஒன்று அந்தப் பக்கத்துச் சர்வர் பதில் சொல்லக் காத்திருக்கிறது. ஒன்று சும்மா வாசலில் நிற்கிறது, சும்மா நிற்கிறேன் என்று சொல்லியும் விடுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை, கையில் இருப்பதைக் கீழே வைப்பதில்லை. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது. என் வீட்டில் யாரிடமாவது என்ன பண்றீங்க என்று கேட்டால் இப்படி ஒரு பதில் கிடைக்குமா?

மத்தியானம் சாப்பிடும்போது ஜெசிந்தாவிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். "ஏனுங்க ஜெசிந்தா, காலேஜ் முடிச்சு நாலஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்கறீங்க. அப்பறம் பத்து வருஷத்துக்கு விண்ணப்பத்துல ஒண்ணுமே காணமே? என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

அதுவரை கருவாட்டுக் குழம்பின் பெருமையை என்னிடம் விற்றுக்கொண்டிருந்தவள், டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது. "வாரேன்க்கா" என்று எழுந்து கீழே போனவள் வெகு நேரம் வரவில்லை. வந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

நான் என்ன அப்படித் தப்பாகக் கேட்டுவிட்டேன்?

அக்டோபர் 7, செவ்வாய்

திரைச்சீலைக் கம்பெனி மதிவாணனுக்கு நெடுநாள் குறை ஒன்று உண்டு. அவர் ஹம்பர்க்கில் இருந்து துணி வாங்கும் பையருக்கு சாம்பிள் துணிகளின் படங்களைக் கொத்தாக அனுப்புவார். பாரம் தாங்காமல் அங்கிருந்து திரும்பி வரும். படத்தைச் சின்னதாக்கி அனுப்புங்கள் என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஜெசிந்தா இன்றைக்கு ஒரு சின்ன நிரல் எழுதி என்னிடம் காட்டினாள். கடிதம் வெளியே கிளம்பும் வாசலில் அது உட்கார்ந்துகொள்ளும். பெரிய படங்களைப் பிடித்து, நிறமும் நெசவும் கெடாமல் சுருக்கி, பிறகுதான் வழிவிடும். சர்வரின் பெயரோடு குட்டி என்று ஒட்டி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். "ஐயாவுக்குப் பின்னாலயே சுத்துற புள்ள. அதான் குட்டி" என்றாள்.

பிழை பிடிக்க வேண்டும் என்றே வரிவரியாகப் படித்தேன். பிழை இல்லை. அழகாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பழக்கப்பட்ட கை பூத்தொடுத்தது போல, எங்கேயும் ஒரு முடிச்சு கூடுதலாக இல்லை. ஏற்றிவிட்டேன்.

சர்வரின் முழுச் சாவியும், அதாவது எதையும் பார்க்கவும் மாற்றவும் உரிமையுள்ள பாஸ்வேர்ட், என்னிடம்தான் இருக்கிறது. அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அக்டோபர் 8, புதன்

மதிவாணன் போன் போட்டு அண்ணனிடமே பாராட்டினாராம். "ஏனம்மிணி, அந்தப் புள்ளை வந்து ஒரு வாரந்தான ஆச்சு! கெட்டிக்காரியா இருக்கறாளே!" என்று அண்ணன் என்னிடமே வந்து சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அடுத்தது வெள்ளிக்கிழமைதான் வரும்.

அக்டோபர் 9, வியாழன்

புதிய நிரல் ஒன்று உள்ளே ஓடும்போது மேற்பார்வை அவசியம். அதனால் அந்த விசாரிக்கும் கட்டளையை மணிக்கு ஒருமுறை தானே ஓடும்படி வைத்திருக்கிறேன். பதில்கள் என் போனுக்கு வந்துவிடும். சர்வரின் நன்மைக்காகத்தான். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை, இதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய விஷயமா?

ஒன்று கவனித்தேன். எல்லாம் பதில் சொல்கின்றன, குட்டி மட்டும் சொல்வதில்லை. தட்டினால் ஒரு வரிகூட வராது. வளர்த்தவளின் குணம்தான் வரும்.

அக்டோபர் 13, திங்கள்

மதிவாணன் போன். முக்கியமான கடிதம் ஒன்று போகவில்லையாம். வரிசையைப் பார்த்தேன். குட்டி பாதி வேலையில் செத்துக் கிடக்கிறது. குட்டி செத்தால் கடிதம் தொலையாது, வரிசையின் வாலுக்குப் போய் மறுபடி முறைக்குக் காத்திருக்கும். மாலைக்குள் போய்விட்டது.

என் நிரல்கள் இப்படிச் சாவதில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிட்டேன்.

மேற்பார்வை போதவில்லை. இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.

அக்டோபர் 15, புதன்

நிலைமை மோசம். பெரிய கடிதம் எதுவும் போகமாட்டேன் என்கிறது. சின்னவை போகின்றன. குட்டி படம் சுருக்கத் தொடங்கும், சாகும். கடிதம் வாலுக்குப் போகும், முறை வரும், குட்டி தொடங்கும், சாகும்.

ஜெசிந்தா தன் கணினியில் ஒரு சின்னச் சர்வர் அமைத்து அதே கடிதத்தை அனுப்பிப் பார்த்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. "எங்கிட்ட ஓடுது, இங்க மட்டும் சாவுது. இங்க என்னமோ இருக்குக்கா. முழுச் சாவி குடுத்தியன்னா பாத்துருவேன்" என்றாள்.

"உங்க நிரல்தானுங்க. உங்க பக்கத்துலதான் பார்க்கோணும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுதிய ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்டாள். நினைவகம் போதவில்லையோ, ஏதோ ஒரு படம் கெட்டதோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினாள். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருந்தது. நானாக இருந்தால் இதற்குள் மேஜையில் இரண்டு குத்து விட்டிருப்பேன். பிரச்சினை தன்னுடையதல்ல என்று தெரிந்தும் இப்படி உட்காரும் பெண்ணை

(இந்த வரியை முடிக்காமல் விடுகிறேன். வீட்டுக்காரர் வந்து "என்ன பண்ணீட்டு இருக்கற?" என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றேன்.)

அக்டோபர் 17, வெள்ளி

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மதிவாணனின் கம்பெனி எங்களை விட்டுப் போகப்போவதாக மிரட்டுகிறதாம். "புள்ளை நல்ல புள்ளைதானுங்க. ஆனா அவ வந்ததுக்கப்பறம்தான இத்தனையும்? இதுக்கொரு வழி பண்ணலீன்னா மாசக் கடைசியோட நிறுத்திப்போடலாமுங்களா? நீங்களே சொல்லுங்க அம்மிணி."

உங்கள் இஷ்டம் என்றேன்.

நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றியிருக்கிறேன். இதற்கு மேல் என்னால் கவனமாக இருக்க முடியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போன் நிமிடத்துக்கு ஒருமுறை சிணுங்கியது. அவர் மனையிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னைக்காவது அந்தக் கெரகத்தை நிறுத்தித் தொலை! சீயக்காய் கண்ணுல வுழுகுது" என்றார். என்றைக்கும் குரல் உயர்த்தாத மனுஷர். அவருக்காக விசாரிப்பை மொத்தமாக நிறுத்தினேன்.

ஆபீசில் ஜெசிந்தா மட்டும் இருக்கிறாள். "எனக்குக் கிறிஸ்மஸ் வருதுல்லா, தீவாளிக்கு நீங்க வீட்டுல இருங்க" என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதிரசம் இந்த வருஷம் உதிராமல் வந்தது.

அக்டோபர் 22, புதன்

ஆபீசுக்குள் நுழைந்ததும் ஜெசிந்தா ஓடி வந்தாள். "எல்லாம் போயிட்டுக்கா! தேங்கிக் கெடந்தது அத்தனையும்! நான் ஒண்ணுமே செய்யல, அதுவாப் போயிட்டு. குட்டி ஒருதடவைகூடச் சாவல!" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொட்டலம் பிரித்து அதிரசம் கொடுத்தேன்.

பிறகு என் இடத்துக்கு வந்து, விசாரிப்பை மறுபடி ஓடவிட்டேன்.

மத்தியானத்துக்குள் மூன்று கடிதம் நின்றுவிட்டது.

தலைவலி. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இட்லி மாவு புளித்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

விசாரிப்பை நிறுத்தினேன். கடிதம் போனது. கையால் ஒருமுறை தட்டினேன். குட்டி செத்தது. நிறுத்தினேன், போனது. தட்டினேன், செத்தது.

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

நிறுத்தியே வைத்திருக்கிறேன். பெரிய கடிதங்கள் ஒழுங்காகப் போகின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்படியே விட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்று போய்விடும். சரியாகிவிட்டால் சரிதானே? யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஆனால் அண்ணன் மாறவில்லை. "இன்னைக்கு ஓடுது, நாளைக்கு நின்னா? காரணம் தெரியாத சரக்கை நம்பி மதிவாணனுக்கு நான் என்னன்னு வாக்குக் குடுக்கறது? புள்ளைகிட்ட நீங்களே பதமா சொல்லிப்போடுங்க. பொம்பளைக்குப் பொம்பளை" என்றார்.

மாலை பஸ் ஸ்டாப் வரை ஜெசிந்தாவோடு நடந்தேன். சொல்லவில்லை. அவள்தான் பேசினாள். குட்டி இறந்த குறிப்புகளைத் திரும்பப் படித்தாளாம். "அது தானாச் சாவலக்கா. எங்கேயோ இருந்து ஒரு தட்டு வருது. அந்தத் தட்டுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவன் சொல்லிட்டுப் போயிருவான். தெரியாதவன் அந்த எடத்துலயே விழுந்துருவான். அதுதானே சர்வரோட வழக்கம்."

எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். எனக்கு நினைவுக்கு வராமல் போனது, அவ்வளவுதான். குட்டி சர்வரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது, கட்டளை பெயரைப் பார்த்து அதையும் தட்டியது. சர்வரின் சொந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் பாடம் பிறவியிலேயே உண்டு. குட்டிக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பதில் சொல்லாததைத் திமிர் என்று நினைத்தேன், அது சாகிற நேரம்.

"யாரு தட்டுனதுன்னு பார்த்தீங்களா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதுக்கு முழுச் சாவி வேணும்லா" என்றாள். வெங்கமேடு பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை. எல்லாம் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டாயிற்று, நாற்றம்.

அவளைப் பற்றி இன்னும் ஒன்று. கடிதங்கள் நின்று மதிவாணன் போனில் கத்தியபோதெல்லாம் அவள் ஒருமுறைகூட "சுலோக்கா சாவி தரமாட்டேங்குதாவ" என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம். அண்ணனிடம் அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

அக்டோபர் 29, புதன்

முழுவதும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மதிவாணன் நேரிலேயே வந்துவிட்டார். ஹம்பர்க்காரர் அடுத்த சீசனுக்கு வேறு ஊரில் விசாரிக்கிறாராம். அண்ணன் என்னையும் ஜெசிந்தாவையும் அறைக்குக் கூப்பிட்டார். டீ வந்தது, யாரும் தொடவில்லை.

"மதி, இனிமேல்ட்டு இப்படி ஆகாதுங்க" என்றார் அண்ணன். "அந்தப் புது நிரலை எடுத்துப்போடறோம். இந்தப் புள்ளையும்..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே பதமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் ஒன்றும் மாறவில்லை. புடவை முந்தானையை எடுத்து மடியில் வைத்து மடிக்கத் தொடங்கினாள். ஒரு மடிப்பு, அதன் மேல் இன்னொரு மடிப்பு. டிபன் பாக்ஸை மூடிய அதே கை.

"அவ நிரல் மேல தப்பில்லீங்கண்ணா" என்றேன். "அதைக் கொன்னுட்டு இருந்தது நானுங்க."

விளக்கிச் சொன்னேன். விசாரிக்கும் கட்டளை, மணிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நிமிடத்துக்கு ஒருமுறை. தட்டினால் குட்டி சாகும் என்பது. தீபாவளிக்கு நிறுத்தியதும் எல்லாம் போனது. அது தெரிந்த பிறகும் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது. மதிவாணனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அண்ணனுக்குக் கால்வாசி. ஆனால் கேட்கவேண்டியதை அவர் கேட்டார்.

"அது சரிங்க அம்மிணி. எதுக்குங்க நிமிசத்துக்கு ஒருக்கா பார்த்தீங்க? ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லியே நீங்க?"

சர்வரின் நன்மைக்கு, பாதுகாப்புக்கு, மேற்பார்வைக்கு என்று இந்த டைரியில் எழுதிவைத்ததெல்லாம் வரிசையாக வாய்வரை வந்தது.

"பயமுங்கண்ணா" என்றேன். "ஒத்தாசைக்குன்னு சொன்னீங்க. என்னைய அனுப்பீட்டு இவங்கள வெச்சுக்குவீங்களோன்னு பயம். வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்க, இவங்க என்னைவிடக் கெட்டிக்காரின்னு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், கஸ்டமர் முன்னால்.

அண்ணன் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். பிறகு, "உங்கள அனுப்பிப்போட்டு நான் எங்கீங்க போறது? எனக்கு பாஸ்வேர்டே தெரியாதுங்களே!" என்றார். மதிவாணன்தான் முதலில் சிரித்தார். "காரணம் தெரிஞ்சுபோச்சில்லீங்க, அது போதும். நிரலை எடுத்துப்போடாதீங்க. படம் அம்புட்டுத் தெளிவாப் போகுது" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

வெளியே வந்ததும் ஜெசிந்தாவிடம், "உனக்குத் தெரியும்தானே கண்ணு?" என்றேன். நீங்க என்று வரவில்லை, கண்ணு என்றுதான் வந்தது.

"தெரியும்க்கா. தீவாளிக்கு நீங்க லீவு, குட்டிக்குச் சாவு இல்ல. நீங்க வந்தாச்சு, செத்துட்டு. இதுக்குச் சாவி எதுக்கு?"

"அப்பறம் ஏன் அண்ணன்கிட்டச் சொல்லலை? எங்கிட்டயாச்சும் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க விழுந்துருவியளோன்னு இருந்துச்சு" என்றாள். "சில பேரைத் தட்டக் கூடாதுக்கா. பதில் தயாரானா அவியளே சொல்லுவாவ."

இந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்ப உங்கள் இஷ்டம் என்று சொன்னவள் நான். பதினைந்தாம் தேதி முடிக்காமல் விட்ட வரியை இப்போது முடிக்கிறேன்: இப்படி உட்காரும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

அக்டோபர் 30, வியாழன்

முழுச் சாவியைக் கொடுத்தேன். விசாரிப்பை மொத்தமாக அழித்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்கிறாள்.

"கேக்குறது தப்பில்லக்கா. என்ன பண்ணுதன்னு கேக்க ஒரு ஆளு வேணும்லா. குட்டிக்குத்தான் பதில் சொல்லத் தெரியல. நான் சொல்லிக்குடுக்காம விட்டது. பேரை மட்டும் குடும்பப் பேரா வச்சுட்டு, குடும்பத்துப் பழக்கத்தைச் சொல்லிக்குடுக்காம விட்டுட்டேன்."

அவள் எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சில வரிகள்தான். தட்டினால் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுது, வேலையைத் தொடர்.

எழுதிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள். "அந்தப் பத்து வருஷம் வீட்டுலதான் இருந்தேன்க்கா. ரெண்டு புள்ளை, படுத்துக்கெடந்த மாமனாரு. இன்டர்வியூவுல என்ன பண்ணீங்கன்னு கேப்பாவ. வீட்டுல இருந்தேன்னு சொன்னா ஒண்ணும் பண்ணலன்னு எழுதிக்கிடுவாவ. அந்தக் கேள்வி வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். கல்யாண வீட்டுக்குப் போறதைக்கூட நிப்பாட்டிட்டேன், பாத்துக்கிடுங்க."

"இம்புட்டும் எங்க கத்துக்கிட்ட?"

"பழைய லேப்டாப் ஒண்ணு. மூடி உடைஞ்சது. அதைப் பிரிட்ஜு மேல வச்சு எங்க கோயிலுக்கும் விசைப்படகுச் சங்கத்துக்கும் மெயில் சர்வர் ஓட்டினேன். சோறு வடிச்சுக்கிட்டே பாப்பேன். இன்னமும் அங்கனதான் ஓடிக்கிட்டிருக்கு. எங்க வீட்டுக்காரவ பால் எடுக்கும்போது பாத்து தொறப்பாவ."

பத்து வருஷமாக ஒரு பிரிட்ஜின் மேல் ஊர்க்கடிதம் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எழுத அவளுக்குத் தைரியம் வரவில்லை! அதை இன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு மெயில் சர்வரை விட பிரிட்ஜ் நன்றாகப் புரிந்தது.

அக்டோபர் 31, வெள்ளி

ஜெசிந்தாவை நிரந்தரமாக்கியாயிற்று. அண்ணன் மைசூர்பாகு வாங்கிவந்தார். கல் போல இருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டே கடித்தோம்.

இரவு எழுதும்போது அவர் வந்து, "என்ன பண்ணீட்டு இருக்கற?" என்றார்.

"டைரி எழுதறேனுங்க. ஆபீசுல ஒரு பொண்ணு. அவளைப் பத்தி" என்றேன்.

"அப்படியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். முழுவதும் சொன்னேன். நடுவில் எழுந்துபோகாமல் கேட்டார்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் காபிக்கும் முன்னால் சர்வரை விசாரித்தேன். பழையபடி கையால், ஒருமுறை. ஒரு ப்ராசஸ் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்று வாசலில் சும்மா நின்றது. ஒன்று ஹம்பர்க்கின் கதவைத் தட்டிக் காத்திருந்தது. கடைசியில் புதிதாக ஒரு வரி. ஜெசிந்தா என்ன எழுதிவைத்தாள் என்று அன்றைக்கு என்னிடம் காட்டவில்லை.

"படம் சுருக்கிட்டு இருக்கேன்க்கா. பெரிய படம். கொஞ்சம் நேரமாவும். நீங்க காபி குடிங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் வந்திருக்கவில்லை.

இன்னொரு முறை தட்டினேன். எந்த அவசியமும் இல்லை. அந்தப் பதிலை மறுபடி பார்க்க ஆசையாக இருந்தது.